அருளானந்தரை வழியனுப்பிய தாய்



யூபிலி என்னும் சொல்லை நாம் இன்று பெருவிழா என்ற பொருளிலேயே வழங்கி வருகிறோம். கொடியேற்றம், தேர்ப்பவனி, ஆடம்பரக் கூட்டுத் திருப்பலி, அன்னதானம், விழா மலர் ஆகியவை யாவும் அதில் அடங்கும். இவை வேண்டியவையே. ஆயினும் லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்போர் யூபிலியின் முதற்பொருள் வேறொன்று எனக் காண்பர். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதியதும், வாங்கியவன் நிலத்தைப் பழைய குடும்பத்தாருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடிமைப்பட்ட இஸ்ராயேலன் விடுதலை பெற்றுத் தன் இனத்தாரிடம் திரும்ப வேண்டும். நிலம் ஆண்டவருடையது, மனிதர் அதில் வந்து தங்கிய அந்நியரே என்பதுதான் இச்சட்டத்தின் ஆணிவேர். ஆக, கையில் இறுகப் பற்றியிருப்பதை உரியவரிடம் விட்டுக்கொடுக்கும் ஆண்டே யூபிலி ஆண்டு.

நிலத்தைவிட மனிதன் இறுகப் பற்றுவது ஒன்று உண்டு. அதுவே தான் பெற்ற பிள்ளை. ஆகவே இம்மலரில் கோவில் கட்டிய வரலாற்றைப் பிறர் எழுத, நாம் பிள்ளைகளை விட்டுக்கொடுத்த பெற்றோரின் வரலாற்றை எழுத முன்வந்தோம்.

படப்பையில் இப்பொருளுக்குத் தேவை இல்லாமல் இல்லை. வண்டலூர் வாலாஜாபாத் நெடுஞ்சாலையில், ஏரித் தண்ணீரையும் நெல் வயலையும் நம்பியிருந்த ஊர் இது. ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் எழும்பியபோது, இனி நம் பிள்ளைகள் வேலை தேடி ஊரை விட்டுப் போக வேண்டாம் எனப் பெற்றோர் பலர் மகிழ்ந்தனர். நடந்ததோ வேறு. வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே வந்து குடியேறினர்; நம் பிள்ளைகளோ பெங்களூருக்கும், வளைகுடா நாடுகளுக்கும், கடல் கடந்த பிற தேசங்களுக்கும் சென்றனர். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் இரயிலடியும் நமக்கு அருகில் இருப்பதால் வழியனுப்புவது எளிதாயிற்று. மனத்தால் அனுப்புவது எளிதாகவில்லை. பங்குக் குருவின் அறைக்கு வரும் துயரங்களில் பாதி இதுவே எனலாம். மகன் தூரதேசம் போகிறான். மகள் தான் விரும்பியவரையே மணப்பேன் என்கிறாள். ஒரே பிள்ளை குருமடம் சேரக் கேட்கிறான். மருமகள் வந்ததும் மகன் தனிக்குடித்தனம் போனான். “பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு” என்ற பழமொழியைச் சொல்லி அழாத தாய் இல்லை.

இத்தாய்மாருக்கு நம் தமிழகத் திருச்சபை வரலாற்றிலேயே ஒரு துணை இருக்கிறார். அவர் தமிழச்சி அல்லர்; இந்நாட்டை அவர் கண்ணால் கண்டதும் இல்லை. அவர்தாம் புனித அருளானந்தரின் அன்னை.

லிஸ்பன் நகரத்துக் கைம்பெண்

ஓரியூரில் இரத்தம் சிந்திய ஜான் தெ பிரிட்டோ 1647-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் பிறந்தார். தந்தை சல்வதோர் தெ பிரிட்டோ பெரைரா. தாய் பிரித்தெஸ் பெரைரா. அரண்மனையோடு நெருங்கிய உயர்குடி அது. தந்தையை மன்னர் பிரேசில் நாட்டுக்கு ஆளுநராக அனுப்பினார். அவர் அங்கேயே மரித்தார். ஜான் அப்போது சிறு குழந்தை. தாய் கைம்பெண்ணாகிப் பிள்ளைகளைத் தனியே வளர்த்தார். எனவே கடல் கடந்து போகிறவர் திரும்பாமலும் போகலாம் என்பதை அந்த அம்மையார் பிறர் சொல்லி அறிய வேண்டிய நிலையில் இல்லை. பட்டறிந்தவர் அவர்.

ஜான் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழனாய் வளர்ந்தார். பதினோரு வயதளவில் கடும் நோய் கண்டு, பிழைப்பது அரிது என்னும் நிலைக்கு வந்தார். தாய் புனித சவேரியாரிடம் மன்றாடி நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் ஓராண்டுக் காலம் இயேசு சபையாரின் அங்கியை அணியச் செய்வதாக. பிள்ளை பிழைத்தது. அரண்மனைத் தோழர்களின் நகைப்புக்கிடையே அச்சிறுவன் ஓராண்டு அந்தக் கறுப்பு அங்கியோடு நடமாடினான்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளையைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவே தாய் நேர்ந்தார். அந்த நேர்ச்சையே பிள்ளையை அவரிடமிருந்து கொண்டுபோன வழியும் ஆயிற்று. இந்தியாவின் அப்போஸ்தலராகிய சவேரியாரின் அங்கியை ஓராண்டு உடுத்தவன், அவர் நடந்த மண்ணையும் நாடினான். வேளாங்கண்ணிக்கும் பரிசுத்த தோமையார் மலைக்கும் பிள்ளைகளுக்காக நேர்ந்துகொண்டு போகும் தாய்மாரே, நீங்கள் கேட்பதைக் கடவுள் கேட்கிறார். ஆனால் நீங்கள் நினைத்த அளவோடு நிறுத்திக்கொள்வார் என எண்ண வேண்டாம்.

தடுத்த தாய்

1662 டிசம்பர் 17-ஆம் நாள், பதினைந்து வயதில், ஜான் இயேசு சபையில் சேர்ந்தார். இதைத் தாய் பொறுத்துக்கொண்டார். மகன் குருவானாலும் போர்த்துக்கல்லிலேயே இருப்பான், அவ்வப்போது முகம் காணலாம் என்ற ஆறுதல் இருந்தது. 1673-இல் குருப்பட்டம் பெற்ற மகன் இந்தியாவுக்கே போகிறான் என்றபோது அந்த ஆறுதலும் அற்றது. தாய் சும்மா இருக்கவில்லை. உயர்குடிப் பெண்ணுக்குத் திறக்கும் கதவுகளையெல்லாம் தட்டினார். லிஸ்பனில் இருந்த பாப்பரசரின் தூதுவரையே அணுகித் தம் மகனைத் தடுத்து நிறுத்துமாறு வேண்டினார். மகன் அசையவில்லை. தம்மை உலகத்திலிருந்து சபைக்கு அழைத்த அதே இறைவன்தான் இப்போது போர்த்துக்கல்லிலிருந்து இந்தியாவுக்கு அழைக்கிறார் என்பதே அவருடைய நிலை. அவ்வாண்டு மார்ச்சு மாதம் கப்பல் புறப்பட்டது. செப்டம்பரில் கோவா சேர்ந்தது. அந்நாளைய கப்பல்களில் காய்ச்சலாலும் ஊட்டக்குறைவாலும் பலர் நடுவழியில் மாள்வது வழக்கம். பிள்ளை கரை சேர்ந்தானா என்ற செய்தி தாய்க்கு எட்டவே ஓராண்டுக்கு மேல் ஆகும். ஒரு நாள் தொலைபேசி வரவில்லையென்றால் உறக்கம் கெடும் நமக்கு இது விளங்க வேண்டும்.

பரிசுத்த வாழ்வு வாழ்ந்த பெண் ஏன் தடுத்தார் எனச் சிலர் கேட்கலாம். தாய் என்பதால் தடுத்தார். அவர் தனியானவரும் அல்லர். புனித அக்குவினாஸ் தோமையார் 1244-இல் சாமிநாதர் சபையில் சேர்ந்தபோது, அவர் குடும்பத்தார் வழியில் மடக்கிப் பிடித்து, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ரொக்காசெக்கா கோட்டையில் அடைத்து வைத்தனர். திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநரையே வீட்டுச் சிறையில் வைத்தவர்கள் பகைவர் அல்லர், தாயும் உடன்பிறந்தாருமே. புனித மோனிக்கம்மாளும் அவ்வாறே. 383-இல் மகன் அகுஸ்தீன் கார்த்தேஜ் துறைமுகத்திலிருந்து ரோமைக்குப் புறப்பட்டபோது, தாய் அவரைப் பற்றிக்கொண்டு விடவில்லை. மகன் பொய் சொல்லி, புனித சிப்பிரியானின் ஆலயத்தில் தாய் இரவெல்லாம் செபித்திருக்கையில் கப்பலேறிப் போய்விட்டார். போகவிடாதேயும் என்று தாய் அழுதார், கடவுள் போகவிட்டார். அந்தப் பயணமே மகனை மிலான் நகரத்து ஆயர் அம்புரோசிடம் கொண்டு சேர்த்தது. 387-ஆம் ஆண்டுப் பாஸ்காவில் அவர் திருமுழுக்குப் பெற்றார். தாய் அன்று கேட்டதைக் கடவுள் மறுத்தது, அவர் என்றும் கேட்டு வந்ததைக் கொடுப்பதற்காகவே என்று அகுஸ்தினாரே பின்னாளில் எழுதி வைத்தார்.

மோனிக்கம்மாளின் கதை அங்கு முடியவில்லை. கணவரின் கல்லறை அருகே தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்று நெடுநாள் விரும்பியிருந்த அவர், அதே 387-இல் ஒஸ்தியா துறைமுகத்தில் மரணப் படுக்கையில் கிடந்தபோது, உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பலிபீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றே கேட்டுக்கொண்டார். பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கற்றவர் இறுதியில் கல்லறையையும் விட்டுக்கொடுத்தார்.

இரண்டாம் பிரிவு

அருளானந்தரின் தாய்க்கு முதற்பிரிவோடு முடியவில்லை. மகன் இங்கே மதுரை மிஷனில் பண்டாரசுவாமியாய்க் காவி உடுத்து, புலால் நீக்கி, வெறுங்காலோடு நாடெங்கும் நடந்தார். 1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளானார். இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி அவரை விடுவித்து, இந்நாட்டில் இனிப் போதிக்கலாகாது எனக் கட்டளையிட்டார். அதன்பின் சபைத் தலைவர்கள் மிஷனின் காரியமாக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1688 செப்டம்பரில் லிஸ்பன் வந்து சேர்ந்தார்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தாய் தம் மகனைக் கண்டார். அரண்மனையில் பட்டுடுத்து வளர்ந்த பிள்ளை, சோறும் காய்கறியும் உண்டு தரையில் படுக்கும் தமிழ்ச் சந்நியாசியாய்த் திரும்பியிருந்தான். அன்று அரியணையில் இருந்தவர் பழைய தோழரான இரண்டாம் பேதுரு மன்னரே. அவர் அருளானந்தரைப் போர்த்துக்கல்லிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். இளவரசருக்கு ஆசானாக்கும் எண்ணமும் இருந்தது. முன்பு தாய் வீணில் தேடிய துணை இப்போது தானாகவே வந்தது! மன்னரின் விருப்பமும் தாயின் விருப்பமும் ஒன்றாய் நின்றால் போதாதா? போதவில்லை. 1690-இல் மகன் மறுபடியும் கப்பலேறினார்.

பெற்றோர் பலரும் அறிந்த உண்மை இது. பிள்ளையை ஒருமுறை விட்டுக்கொடுத்தால் தீர்ந்தது என்பதில்லை. பள்ளி விடுதியில் சேர்த்த நாளில் விட்டோம். வேலைக்கு அனுப்பிய நாளில் விட்டோம். திருமண மந்திரிப்பில் கையைப் பிடித்துக் கொடுத்த நாளில் விட்டோம். விடுமுறைக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் விடுகிறோம். முதற்பிரிவில் மனம் பதைக்கும். அடுத்தடுத்த பிரிவுகளில்தான் அது பக்குவப்படும்.

திருவிழா ஆடை

மறவர் சீமை திரும்பிய அருளானந்தரிடம், அரச குலத்தவரான தடியத்தேவர் 1693 சனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, திருமுழுக்குப் பெற்றார். மனைவியருள் ஒருவரையே வைத்துக்கொண்டு மற்றவரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் சேதுபதியின் உறவினர் ஒருவரும் இருந்தார். அதன் விளைவாக இரண்டு நாளில் அருளானந்தர் சிறைப்பட்டார். பெப்ருவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சி முடி பெற்றார். அவருக்கு வயது நாற்பத்தாறு நிறையவில்லை.

செய்தி மெல்ல மெல்லக் கடல் கடந்து லிஸ்பனை அடைந்தது. மன்னர் அந்தத் தாயை அரண்மனைக்கு அழைத்தார். துக்க உடையில் வரவேண்டியவர், திருவிழாவுக்கு உடுத்தும் ஆடையோடு வந்தார் என அருளானந்தரின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். அவ்வரலாற்றை நூலாக எழுதியவருள் ஒருவர் அப்புனிதரின் சொந்த அண்ணன் பெர்னாந்து. அவர் நூல் 1722-இல் அச்சேறியது.

இதைக் கேட்டு, அத்தாய்க்கு அழுகையே இல்லை என யாரும் கொள்ளலாகாது. சிலுவையடியில் நின்ற தேவதாயை வியாகுல மாதா என்றே திருச்சபை அழைக்கிறது. கண்ணீரைப் பாவம் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. 1673-இல் தூதுவரின் வாசலில் நின்ற பெண்ணும், 1693-க்குப் பின் அரண்மனைக்குத் திருவிழா ஆடையில் வந்த பெண்ணும் ஒருவரே. இடையில் இருபது ஆண்டுகள். அவர் அன்பு குறைந்துவிடவில்லை. என் பிள்ளை என்பதிலிருந்து இறைவனின் பிள்ளை என்பதற்கு அது நடந்து வந்தது. அதற்கு இருபது ஆண்டு பிடித்தது. ஆகவே உங்களில் ஒருவருக்கு இரண்டு ஆண்டில் மனம் ஆறவில்லையென்றால் வெட்கப்பட வேண்டியதில்லை.

நம் காலத்திலும் இப்படியொரு தாய் உண்டு. அன்னை தெரேசா 1928-இல் பதினெட்டு வயதில் ஸ்கோப்பியே நகரை விட்டுப் புறப்பட்டபோது, அவர் தாயும் கைம்பெண்ணே. பின்னாளில் அந்தத் தாய் அல்பேனியாவில், எல்லைகளை அடைத்து வைத்த கம்யூனிச ஆட்சியின்கீழ் வாழ நேர்ந்தது. உலகமே அறிந்த மகளால் தாயைப் போய்ப் பார்க்க இயலவில்லை. 1972-இல் தாய் மரித்தார். அந்த இரயிலடிக்குப் பின் இருவரும் சந்திக்கவேயில்லை. 2016-இல் மகள் புனிதரானார்.

திருச்சபை கற்பிப்பது

“சாமி, அவர்கள் வேதசாட்சிகளையும் புனிதரையும் பெற்றவர்கள். எங்கள் பிள்ளைகள் சம்பளத்துக்கும் தங்கள் விருப்பத்துக்கும் அல்லவா போகிறார்கள்?” எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. இதற்கும் திருச்சபை வரலாற்றில் விடை உண்டு.

பிள்ளையின் வாழ்க்கை நிலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கே உரியது என்பது இன்று நேற்று வந்த புதுக்கொள்கை அன்று. திருமணம் செய்வதா, கன்னிமையில் வாழ்வதா என்பதில் பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவர் அல்லர் என 13-ஆம் நூற்றாண்டிலேயே அக்குவினாஸ் தோமையார் கற்பித்தார். கோட்டையில் அடைபட்டுக் கிடந்தவருக்கு அது ஏட்டுப்பாடம் அன்று! 1563-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், பெற்றோர் சம்மதம் இல்லை என்பதற்காகவே பிள்ளைகளின் திருமணம் செல்லாது எனக் கூறுவோரைக் கண்டித்தது. சம்மதமின்றி நடக்கும் திருமணங்களைத் திருச்சபை வெறுத்தே வந்தது என்பதையும் அதே சங்கம் சேர்த்துச் சொன்னது. பெண்ணைக் கட்டாயப்படுத்திக் கன்னியர் மடத்தில் தள்ளுவோருக்கும், மனமார விரும்பிச் சேர்பவளைக் காரணமின்றித் தடுப்போருக்கும் அச்சங்கம் ஒன்றுபோலவே சாபம் இட்டது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 219-ஆம் சட்டம், வாழ்க்கை நிலையைத் தேர்வதில் விசுவாசிகள் அனைவரும் கட்டாயத்தினின்று விடுபட்டிருக்க உரிமை உண்டு என்கிறது. 1103-ஆம் சட்டமோ, வெளியாரின் வற்புறுத்தலால் வேறு வழியின்றிச் செய்யும் திருமணம் செல்லாது என்கிறது. “நான் விஷம் குடிப்பேன்” என்று மிரட்டி மகளின் வாயில் சம்மதம் வாங்கும் பெற்றோர், தாங்கள் நடத்துவது திருவருட்சாதனமாகுமா என அஞ்சட்டும்.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. பெற்றோர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதால் பிள்ளைகளின் கடமை கழிந்துபோகாது. காணிக்கை என்று பெயர் சொல்லித் தாய் தந்தையைப் பட்டினி போட்டவர்களை ஆண்டவர் இயேசு கடுமையாகக் கண்டித்தார் என மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். தன் உதவியின்றிப் பெற்றோர் வாழவே இயலாத நிலை இருந்தால், அவர்களை விட்டுத் துறவறம் புகுவதுகூடத் தகாது என்பதும் அதே அக்குவினாஸ் தோமையாரின் போதனை. துறவறத்துக்கே அந்த விதி என்றால், அயல்நாட்டுச் சம்பளத்துக்கு எம்மாத்திரம்? தூரத்தில் இருக்கும் பிள்ளைகளே, பணம் அனுப்புவது கடமையின் ஒரு பாதிதான். ஞாயிறு தோறும் குரலைக் கேட்க விடுவதும், நோயில் வந்து நிற்பதும் மறுபாதி. சிலுவையில் தொங்குகையிலும் இயேசு தம் தாயை யோவானிடம் ஒப்படைத்துவிட்டே உயிர் துறந்தார்.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நம் பங்குக் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளத்தக்க சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, பிள்ளை போக முடிவு செய்தபின் ஆசி கொடுக்காமல் அனுப்பாதீர்கள். போகுமுன் பேசுங்கள், புத்தி சொல்லுங்கள், மனத்தாங்கல் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ஆனால் வாசற்படியில் நிற்கும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரையாமல் கதவைச் சாத்தாதீர்கள். தோபித்து ஆகமத்தில் மகன் புறப்படும்போது தாய் அன்னா அழுகிறாள், கணவனைக் கடிந்துகொள்கிறாள். தந்தையோ ஆசியளித்து, நல்ல தூதன் உடன் போவான் என்று மனைவியைத் தேற்றுகிறார். தம் மகனோடு நடந்தவர் இரபேல் அதிதூதரே என்பது அவருக்குத் தெரியாது.

இரண்டாவது, மணமான பிள்ளையின் வீட்டை உங்கள் வீட்டின் ஓர் அறையாக எண்ணாதீர்கள். கணவனும் மனைவியும் பெற்றோரை விட்டு ஒன்றித்திருப்பது ஆதியாகமத்திலிருந்தே இறைவன் வகுத்த முறை. கேட்டால் ஆலோசனை சொல்லுங்கள். கேளாதபோது செபமாலையை எடுங்கள்.

மூன்றாவது, பிள்ளைகள் போனபின் வெறிச்சோடிய வீட்டில் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் புதிதாய்ப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். வின்சென்ட் தெ பவுல் சபைக்கும், மரியாயின் சேனைக்கும், அன்பியக் கூட்டங்களுக்கும் உங்கள் கைகள் வேண்டும். வெளியூரிலிருந்து நம் தொழிற்சாலைகளுக்கு வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் இளைஞர்களும் யாரோ ஒரு தாய் நெற்றியில் சிலுவையிட்டு அனுப்பிய பிள்ளைகளே. அவர்களில் ஒருவரை ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்துப் பாருங்கள். உங்கள் மகனுக்கும் தூரதேசத்தில் அப்படி ஒரு வீடு கிடைக்க வேண்டும் என்றுதானே வேண்டுகிறீர்கள்?

இந்த யூபிலி ஆண்டில் வசதியுள்ள குடும்பங்கள் ஓரியூருக்கு ஒருமுறை யாத்திரை போய் வருவது நலம். 1947 ஜூன் 22-ஆம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவர் இரத்தத்தால் சிவந்ததென மக்கள் நம்பும் அந்தச் செம்மண்ணைப் பலரும் முடிந்து எடுத்து வருகின்றனர். அங்கே முழங்காலில் நிற்கையில், அந்தப் புனிதருக்காக மட்டுமல்லாமல், அவரைப் பெற்று, தடுத்து, இருமுறை அனுப்பிவைத்த அந்தப் போர்த்துக்கீசியத் தாய்க்காகவும் இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள். பின்பு தூரத்தில் இருக்கும் உங்கள் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவர் கையில் ஒப்படையுங்கள்.

புனித அருளானந்தரே, எங்களுக்காகவும் எங்கள் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.

இறையாசியுடன்,
பங்குத்தந்தை, படப்பை